சலவை எந்திரம்: நெடுநாள் உழைப்பதைத் தேர்ந்தெடுக்கும் முறை

சிக்கன நாணயச் சங்கங்களின் கடன் பேரேடுகளைத் தணிக்கை செய்கையில், முன்னாளில் தையல் எந்திரமும் மிதிவண்டியும் இடம் பெற்றிருந்த பத்தியில் இப்பொழுது சலவை எந்திரத்தின் பெயர் அடிக்கடி காணப்படுகிறது. இதனை ஆடம்பரம் என்று கூறும் நிர்வாகக் குழுவினரும் உளர். அவ்வாறு கூறுவோர் பெரும்பாலும் தம் துணியைத் தாமே துவைத்தவர்கள் அல்லர் என்பது நமது அனுபவம். தறி வீட்டில் தார் சுற்றுவதும், சமையலும், குழந்தைகளைக் கவனிப்பதும் ஒரே பெண்மணியின் பொறுப்பாக இருக்க, துவைகல்லின் முன் அவர் கழிக்கும் நேரம் நெசவிற்குரிய நேரத்திலிருந்தே கழிகிறது. தோட்டத்து வீட்டிலோ சேறும் பயிர்க்கறையும் படிந்த துணிகள் நாள்தோறும் குவிகின்றன. ஆகையால் இக்கடன் தகுதியான கடனே என்பதில் நமக்கு ஐயமில்லை.

நமது கவலை வேறு. கடன் தீருமுன்னரே எந்திரம் தீர்ந்து விடுகிறது. முப்பத்தாறு மாதத் தவணையில் இருபத்தைந்தாவது தவணையைச் செலுத்த வந்த அங்கத்தினர் ஒருவர், எந்திரம் கொல்லைப்புறத்தில் மூட்டை வைக்கும் மேடையாக நிற்கிறது என்று கூறியதை நாம் கேட்டிருக்கிறோம். பழுது பார்க்க வந்தவர் கேட்ட தொகை புதிய எந்திரத்தின் விலையில் பாதிக்கு மேற்பட்டதாம். ஓடாத எந்திரத்திற்குப் பதினோரு மாதம் தவணை கட்டுவது எத்தகைய வேதனை என்பதை விளக்க வேண்டுவதில்லை.

ஆகவே எந்த எந்திரத்தில் எத்தனை பொத்தான்கள் உள்ளன என்பதை விடுத்து, எது நெடுநாள் உழைக்கும் என்பதை வாங்குமுன் அறியும் வழியை மட்டும் இங்கு ஆராய்வோம். கம்பெனிகளின் பெயர்களை நாம் கூறப் போவதில்லை. ஒரே கம்பெனி உறுதியான எந்திரத்தையும் சாதாரண எந்திரத்தையும் விற்கிறது. இவ்வாண்டு விற்ற மாதிரியை அடுத்த ஆண்டு சந்தடியின்றி மாற்றியும் விடுகிறது. பெயரை நம்புவதைவிட உறுப்புகளை அறிவதே மேல்.

வகைகள்

கடைகளில் மூன்று வகைகள் உண்டு. இரண்டு தொட்டிகள் கொண்ட செமி ஆட்டோமேட்டிக் ஒன்று. துவைத்த துணியை நாமே எடுத்துப் பிழியும் தொட்டியில் இட வேண்டும். மேலே மூடி திறக்கும் முழுத் தானியங்கி இரண்டாவது. முன்புறக் கண்ணாடிக் கதவுடன், படுக்கை நிலையில் உருளை சுழலும் முழுத் தானியங்கி மூன்றாவது. முன்கதவு வகை குறைந்த நீரில் துவைக்கும், துணிக்கு இதமானது, விலை மிகுதி. மேல்மூடி வகைக்கு அதனினும் ஏறத்தாழ இரு மடங்கு நீர் தேவைப்படும். செமி ஆட்டோமேட்டிக்கிற்கு ஆள் அருகில் நிற்க வேண்டும். ஆனால் குழாய் இல்லாத வீட்டிலும் குடத்தால் நீர் ஊற்றி ஓட்டலாம்.

எது கெடும், எது கெடாது

தறியை எண்ணிப் பாருங்கள். பாட்டனார் காலத்துத் தறி இன்றும் ஓடுகிறது. அதன் உறுப்புகள் தேயவில்லை என்பதனாலா? அன்று. நாடா எத்தனையோ முறை மாறியிருக்கும், விழுது மாறியிருக்கும், அச்சு மாறியிருக்கும், மிதிபலகையை ஊர்த் தச்சர் புதிதாகச் செய்து கொடுத்திருப்பார். ஓர் உறுப்பு தேய்ந்தால் அந்த உறுப்பை மட்டும் கழற்றி மாற்ற முடிந்தது. அதை மாற்றத் தெரிந்தவர் நடக்கும் தூரத்தில் இருந்தார். கிணற்று மோட்டாரும் அப்படியே. காயில் எரிந்தால் கட்டுகிறோம். பேரிங் போனால் மாற்றுகிறோம். மோட்டாரையே தூக்கி எறிவதில்லை. சலவை எந்திரத்தின் ஆயுளும் இந்த ஒரு குணத்தில்தான் இருக்கிறது. தேயாத எந்திரம் எங்கும் இல்லை. தேய்ந்ததைத் தனியே மாற்றக்கூடிய எந்திரமே நெடுநாள் உழைக்கும் எந்திரம்.

விற்பனையாளர் காட்டும் அட்டையில் ‘மோட்டாருக்கு 10 ஆண்டு உத்தரவாதம்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். முழு எந்திரத்திற்கும் உரிய உத்தரவாதம் 2 ஆண்டுகளே என்பது சிறிய எழுத்தில் இருக்கும். இவ்விரண்டையும் பிரித்து அறிதல் மிக அவசியம். மோட்டார் எளிதில் கெடுவதில்லை. கெடாத உறுப்பிற்கு நீண்ட உத்தரவாதம் தருவதில் கம்பெனிக்கு நஷ்டமில்லை. உண்மையில் பழுதாகி வருபவை வேறு: உருளையைத் தாங்கும் பேரிங்கும் அதன் ஆயில் சீலும், எலெக்ட்ரானிக் பலகை, நீரை வெளியேற்றும் சிறு பம்பு, நீர் உள்வரும் வால்வு, முன்கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம், அதிர்வைத் தாங்கும் டாம்பர்கள். மோட்டார் உத்தரவாதத்திலுங்கூட, மோட்டாரை மட்டும் இலவசமாகத் தந்து, வந்து மாற்றும் கூலியைத் தனியே பெறுவது உண்டு. அட்டையை வீட்டிற்குக் கொண்டு வந்து படிப்பதைவிடக் கடையிலேயே நின்று படிப்பது நலம்.

இங்கு ஒரு தணிக்கையாளர் என்ற முறையில் நமது கருத்து: சங்கம் கொடுக்கும் கடனின் தவணைக் காலம், முழு எந்திரத்திற்குரிய உத்தரவாதக் காலத்தைத் தாண்டலாகாது. 2 ஆண்டு உத்தரவாதமாயின் 24 தவணை. மாதத் தொகை சற்றுக் கூடுமே என்று அங்கத்தினர் தயங்கினால், அவருக்கு ஏற்றது விலை குறைந்த எந்திரமே. நீண்ட தவணை அன்று.

பேரிங்கும் தொட்டியும்

மேற்கூறியவற்றுள் பேரிங்கைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். பெரும்பாலான எந்திரங்களின் மரணம் அதனால்தான் நேர்கிறது.

முன்கதவு எந்திரத்தில் உருளை பின்புறத்தில் உள்ள ஒரே அச்சுத்தண்டில் நிற்கிறது. முன்புறம் துணி போடுவதற்காகத் திறந்திருப்பதால் அங்கே தாங்கல் இல்லை. நீரும் துணியும் சேர்ந்த பாரம் முழுவதையும், நிமிடத்திற்கு 1000 அல்லது 1400 சுற்று வேகத்தில், பின்புறத்து இரண்டு பேரிங்குகளே தாங்குகின்றன. நீர் அவற்றிற்குள் புகாமல் ஓர் ஆயில் சீல் காக்கிறது. சீல் தேய்ந்ததும் சோப்பு நீர் உள்ளே கசிந்து கிரீஸைக் கழுவி விடுகிறது, குண்டுகள் துருப்பிடிக்கின்றன, பிழியும்போது மேடேறும் லாரியைப் போன்ற இரைச்சல் கேட்கிறது. அந்த இரைச்சல் கேட்ட மாதமே மாற்றினால் செலவு சிறிது. இன்னும் ஓடுகிறதே என்று விட்டுவிட்டால் அச்சுத்தண்டும் தேய்ந்து செலவு பன்மடங்காகிறது.

பல எந்திரங்களில் உள்ள பேரிங்குகள் 6205, 6206 போன்ற பொது எண்கள் உடையவை. மின்தறிக்கும் மோட்டாருக்கும் பேரிங் விற்கும் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பவை. அங்ஙனமிருக்க, பழுது பார்ப்பவர் ஏன் எந்திர விலையில் பாதியைக் கேட்கிறார்? காரணம் வெளித்தொட்டியில் இருக்கிறது. உருளையைச் சூழ்ந்துள்ள பிளாஸ்டிக் தொட்டி இரு பாதிகளால் ஆனது. சில மாதிரிகளில் இந்தப் பாதிகள் திருகாணிகளால் இணைக்கப்பட்டுள்ளன. கழற்றலாம், பேரிங்கை மாற்றலாம், மீண்டும் பூட்டலாம். வேறு பல மாதிரிகளில் இரு பாதிகளும் உருக்கி ஒட்டப்பட்டுள்ளன. அவற்றைத் திறக்க வழியில்லை. சில நூறு ரூபாய்ப் பேரிங்கிற்காகத் தொட்டி, உருளை, அச்சுத்தண்டு அனைத்தையும் ஒரே தொகுதியாக வாங்க வேண்டியதாகிறது. திறமையான மெக்கானிக்குகள் ஒட்டிய தொட்டியை அறுத்துத் திறந்து, திருகாணியிட்டு மூடுவதும் உண்டு. ஆனால் அதை நம்பி எந்திரம் வாங்குவது உசிதமன்று.

ஆகவே வாங்குமுன் கேட்க வேண்டிய முதற் கேள்வி: “வெளித்தொட்டி திருகாணியால் பூட்டியதா, ஒட்டியதா?” கடையிலுள்ள விற்பனையாளருக்கு இது தெரியாமலிருக்கலாம். அதனால்தான் கடைக்குச் செல்லுமுன் ஊரில் சலவை எந்திரம் பழுது பார்ப்பவரிடம் செல்லுங்கள் என்கிறோம். அவரிடம் எந்த எந்திரங்கள் அடிக்கடி வருகின்றன, எவற்றின் உதிரி உறுப்பு அடுத்த நாளே கிடைக்கிறது, எவற்றிற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று விசாரித்தால், விளம்பரம் கூறாத செய்திகள் பலவும் அரை மணி நேரத்தில் தெரிந்து விடும். அவருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுப்பது வீண்செலவன்று.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச்சு 1 முதல் ஒரு விதி நடைமுறையில் உள்ளது. ஒரு மாதிரியின் கடைசி எந்திரம் சந்தைக்கு வந்த பின்னும் குறைந்தது 10 ஆண்டுகள் அதன் மோட்டார், பம்பு, பேரிங், டாம்பர் முதலிய உதிரி உறுப்புகள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது அது. நம் நாட்டிலும் 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கான திட்டம் வகுக்க ஒரு குழுவை அமைத்தது. எனினும் ஐரோப்பிய விதி நம் ஊர்க் கடைக்காரரைக் கட்டுப்படுத்தாது. உதிரி உறுப்பு எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பதை நாமே கேட்டு, இயன்றால் எழுத்தில் பெற வேண்டும்.

பெல்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராக உருளையைச் சுழற்றும் அமைப்பு உயர்ந்தது என்று சொல்லப்படுகிறது. சத்தம் குறைவு என்பது உண்மை. ஆனால் பெல்ட் இருப்பது ஒரு குறையன்று. அது மலிவான உறுப்பு. பின்புறத் தகட்டைக் கழற்றி எளிதில் மாற்றக் கூடியது.

தண்ணீர்

எந்திரத்தைப் பார்க்குமுன் தண்ணீரைப் பார்க்க வேண்டும். ஈரோடு, கரூர், திருப்பூர் வட்டாரங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரையே நம்பி வாழும் வீடுகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறோம். நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பதே விரும்பத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்றும் குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. துவைக்கும் நீருக்கு இந்த வரம்பு இல்லை. ஆனால் எந்திரத்திற்கு ஒரு வரம்பு உண்டு. கடின நீரைச் சூடாக்கினால் சுண்ணாம்பு படியும். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிவது போலவே, முன்கதவு எந்திரத்தின் சூடேற்றும் கம்பியிலும் படிந்து அதை எரியச் செய்கிறது. வால்விலுள்ள சிறு வடிகட்டியும் அடைபடுகிறது.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை எளிது. ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதி நீர் எடுத்து, சீவிய சோப்புத் துளைச் சிறிது இட்டுக் குலுக்குங்கள். நுரை நிலைத்து நின்றால் மென்னீர். நுரை எழாமல் தயிர் திரிந்தது போல் வெண்திரள் மிதந்தால் கடின நீர். சரியான அளவு வேண்டுவோர் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் செலுத்தி அறியலாம். சிலர் வீட்டிற்கு வந்து பேனா போன்ற கருவியை நீரில் அமிழ்த்தி ஒரு பெரிய எண்ணைக் காட்டி அச்சுறுத்துவர். அது நீரில் கரைந்துள்ள எல்லா உப்புகளின் தோராயமான மொத்தம். கடினத்தன்மையை மட்டும் தனியே காட்டுவதன்று.

நீர் மிகக் கடினமாயின், சூடேற்றும் கம்பியே இல்லாத செமி ஆட்டோமேட்டிக் அல்லது சாதாரண மேல்மூடி எந்திரம் நெடுநாள் நிற்கும் என்பது நமது முடிவு. முன்கதவு எந்திரமே வேண்டுமென்போர் அதைக் குளிர்ந்த நீர் முறையிலேயே ஓட்டலாம். நம் ஊர்க் குழாய் நீர் குளிர்நாட்டு நீரைப் போலச் சில்லென்று இருப்பதில்லை. 15 லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த ஏறத்தாழ அரை யூனிட் மின்சாரம் செலவாகிறது என்பதையும் நினைவிற் கொள்க. மாதம் ஒரு முறை, துணியின்றி, எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலத்தை இட்டு ஓட்டினால் படிந்த சுண்ணாம்பு கரையும். அதனுடன் பிளீச்சிங் பவுடரையோ பிளீச்சிங் திரவத்தையோ ஒருபோதும் சேர்க்கலாகாது. நச்சு வாயு எழும்.

சோப்புத் தூளை மிகுதியாக இடுவதும் ஆயுளைக் குறைக்கும். உருளையைத் தாங்கும் மூன்று கை கொண்ட உறுப்பு பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. காரமிகுந்த சோப்புக் கசடு அதன்மேல் ஈரத்தோடு படிந்து கிடந்தால், ஆண்டுகள் செல்லச் செல்ல அரித்து முறித்து விடும். துவைத்து முடிந்ததும் கதவைத் திறந்து வைத்து உள்ளே காயவிடுங்கள். இதற்குக் காசு செலவில்லை. இருப்பினும் செய்வோர் சிலரே.

மின்சாரமும் இடமும்

மின்தறிகள் நிறைந்த தெருக்களில் மின்னழுத்தம் ஏறியிறங்குவது அங்கத்தினர் அறிந்ததே. எலெக்ட்ரானிக் பலகை இதைத் தாங்காது; மாற்றவும் விலை மிகுதி. அத்தகைய தெருவில் இருப்போர் எந்திரத்தின் வாட் அளவுக்கு ஏற்ற ஸ்டெபிலைசரின் விலையையும் கடன் மனுவில் சேர்த்துக் கேட்கலாம். எர்த் சரியாக இல்லாத வீட்டில் எந்த எந்திரமும் வைக்கலாகாது. நீரும் மின்சாரமும் சேரும் இடம் அது.

முழுத் தானியங்கிக்கு மேல்நிலைத் தொட்டி போதிய உயரத்தில் இருக்க வேண்டும். எத்தனை உயரம் என்பது மாதிரிக்கு மாதிரி மாறும். 3 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் நீரின் அழுத்தம் பல எந்திரங்களுக்குக் குறைந்தபட்சத் தேவை. ஓட்டு வீட்டின் கூரை மட்டத்தில் தொட்டி வைத்துள்ளோர் இதை முன்னரே விசாரித்துக் கொள்ளுதல் நலம். எந்திரம் நிற்கும் தரை சமமாக இருத்தல் வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, கால்களைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். முன்கதவு எந்திரத்தின் பின்புறத்தில், வண்டியில் வரும்போது உருளை ஆடாமலிருக்கப் பூட்டிய நீண்ட திருகாணிகள் இருக்கும். அவற்றைக் கழற்றிய பின்னரே ஓட்ட வேண்டும். கழற்றியவற்றை எறிந்து விடாமல் வைத்திருங்கள். வீடு மாறும்போது தேவைப்படும்.

தறி வீட்டிற்கு உரிய தொல்லை ஒன்று உண்டு. துண்டு நூலும் பஞ்சும் துணியோடு சென்று பம்பின் விசிறியில் சுற்றிக் கொள்கின்றன. வடிகட்டியை வாரம் ஒருமுறை திறந்து சுத்தம் செய்க. தோட்டத்து வீட்டார் சேறு படிந்த துணியை வெளியே ஒருமுறை அலசிவிட்டு இடுக. மணல் ரப்பர் வளையத்தை அறுக்கும். காஞ்சிபுரம் பட்டை எந்திரத்தில் இடலாகாது என்று நெசவாளருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. பவானி ஜமக்காளமும் கனத்த சென்னிமலைப் போர்வைகளும் நீர் குடித்தால் வீட்டு எந்திரத்தின் பேரிங்கிற்கு அளவுமீறிய பாரமாகும். எந்திரத்தின்மேல் எழுதியுள்ள 7 கிலோ என்பது உலர்ந்த துணியின் எடை.

உலர்த்தும் எந்திரம்

துணி உலர்த்தும் டிரையரையும் சேர்த்து வாங்கலாமா என்று சிலர் கேட்கின்றனர். கணக்கைப் பார்ப்போம். 6 கிலோ பருத்தித் துணியை நிமிடத்திற்கு 800 சுற்றில் பிழிந்தால் ஏறத்தாழ 4 கிலோ நீர் அதில் தங்கும். 1400 சுற்றில் பிழிந்தால் ஏறத்தாழ 3 கிலோ. ஒரு கிலோ நீரை ஆவியாக்கக் குறைந்தது 0.63 யூனிட் வெப்பம் தேவை. ஆக, 4 கிலோ நீருக்கு இரண்டரை யூனிட். சாதாரணச் சூடேற்றும் டிரையரில் நடைமுறைச் செலவு இதனினும் கூடும். ஹீட் பம்ப் எனப்படும் வகையில் ஏறத்தாழ அதில் பாதியாகும். ஆனால் விலையும் நுணுக்கமான உறுப்புகளும் அதிகம். சமவெளியில் வாழ்வோருக்கு இந்த வேலையை வெயில் கூலியின்றிச் செய்கிறது. ஆகவே டிரையருக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை நல்ல பிழியும் வேகத்திற்கும், தாழ்வாரத்தில் கட்டும் நான்கு கொடிகளுக்கும் செலவிட்டால் வடகிழக்குப் பருவமழையையும் சமாளிக்கலாம்.

நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகளுக்கு இந்த அறிவுரை பொருந்தாது. மூடுபனியிலும் தொடர்மழையிலும் நாட்கணக்கில் துணி காயாத வீட்டில் டிரையர் நியாயமான தேவையே. அவர்கள் தனி டிரையராக வாங்குக. துவைப்பதையும் உலர்த்துவதையும் ஒரே உருளையில் செய்யும் கூட்டு எந்திரம் துவைக்கும் அளவு முழுவதையும் ஒரே தடவையில் உலர்த்த வல்லதன்று; ஒன்று கெட்டால் இரண்டும் நிற்கும். டிரையரின் வடிகட்டியில் ஒவ்வொரு தடவையும் சேரும் பஞ்சை எடுத்து எறியுங்கள். சேரவிட்டால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. அந்தப் பஞ்சு வேறெதுவுமன்று. நம் துணியின் நூலே உதிர்ந்து வருகிறது. நெய்தவருக்கு அதைக் காண மனம் பொறுக்காது.

விலையும் சங்கமும்

விலையை எந்திரத்தின்மேல் எழுதிய எண்ணாகப் பார்க்காமல், ஒரு சலவைக்கு எவ்வளவு என்று பாருங்கள். உதாரணமாக 30,000 ரூபாய் எந்திரம், வாரம் 4 முறை ஓடி, 5 ஆண்டில் பேரிங்கோடு முடிந்தால் 1,040 சலவை. ஒரு சலவைக்கு ஏறத்தாழ 29 ரூபாய். அதே எந்திரத்தை 3,000 ரூபாய் செலவில் பழுது பார்த்து இன்னும் 5 ஆண்டு ஓட்ட முடிந்தால் 16 ரூபாய்க்கும் குறைவு. 12,000 ரூபாய் செமி ஆட்டோமேட்டிக் 8 ஆண்டு ஓடினால் 7 ரூபாய்க்குச் சற்று மேல். மின்சாரமும் சோப்பும் இதில் சேரவில்லை. இரண்டு எந்திரங்கள் முன்னிற்கும்போது இப்படி ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்கிட்டுப் பார்த்தல் நலம்.

சங்கங்களுக்கு ஒரு யோசனை. ஒரே ஆண்டில் பத்து அங்கத்தினர் வாங்கப் போகிறார்கள் என்றால், பத்துப் பேரும் பத்து விதமாக வாங்காமல், மெக்கானிக்கைக் கலந்து ஒரே மாதிரியைத் தேர்ந்தெடுக்கலாம். விலை பேசும் பலம் கூடும் என்பது ஒருபுறமிருக்க, பம்பு, வால்வு, பெல்ட் ஆகியவற்றில் ஒவ்வொன்றைச் சங்கத்தில் இருப்பு வைக்கவும் இயலும். ஓர் எந்திரத்தில் கற்ற பாடம் மற்ற ஒன்பதிற்கும் உதவும்.

எந்திரம் குறையுடையதாக இருந்து கடைக்காரரும் கம்பெனியும் செவிசாய்க்காவிடில், 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு செய்தல் வேண்டும். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் மனுவிற்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யலாம். பல வழக்குகள் அங்கேயே தீர்ந்து விடும்.

இவற்றிற்கெல்லாம் பில் வேண்டும். பில் அங்கத்தினர் பெயரிலேயே இருக்கட்டும். ஒரு நகல் கடன் கோப்பில் சேரட்டும். எந்திரத்தின் பின்புறம் ஒட்டியுள்ள தாளில் மாதிரி எண்ணும் வரிசை எண்ணும் இருக்கும். குளியலறை ஈரத்தில் அந்த எழுத்து ஓரிரு ஆண்டில் அழிந்து விடுவதால், எந்திரம் வந்து இறங்கிய அன்றே அவ்விரண்டு எண்களையும் பில்லின் முதுகில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.